ஊசி உங்கள் கையில், கத்தி அச்சகத்தில்

கையால் தைத்த நோட்டு, வாழ்த்து அட்டை, மொய்க்கவர், புக்மார்க், வருஷ டைரி என்று வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "பைண்டிங் எங்கே கத்துக்கலாம்?" என்றுதான். பைண்டிங்கைக் கற்றுக்கொள்வது பெரிய விஷயமில்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உங்கள் கை காகிதத்தின் மேல் இருக்கும்?

நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே தாராளம். மீதியை வாட்ஸ்அப் விசாரிப்பு, பார்சல், காகிதக் கடை அலைச்சல், போட்டோ, பில், வராத பணத்துக்கான போன் எல்லாம் தின்றுவிடும். வீட்டில் இருந்து செய்கிறீர்கள் என்பதால் கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பதும் உங்கள் தலையில்தான் விழும். ஆக, விற்பதற்கு உங்களிடம் இருக்கும் சரக்கு அந்த நான்கு மணி நேரம்தான். அதை எந்த வேலைக்குக் கொடுப்பது, எந்த வேலையைக் காசு கொடுத்து வெளியே தள்ளுவது என்று முடிவெடுப்பதில் இந்தத் தொழிலின் லாபமும் நஷ்டமும் அடங்கிவிடுகின்றன.

என் கட்சி இது: வாங்குபவரின் விரலும் கண்ணும் படும் இடத்தில் உங்கள் கை இருக்கட்டும். முதுகில் தெரியும் தையல், அட்டைமேல் ஒட்டிய துணி, உள்பக்கத்து வண்ணத் தாள், உறையில் எழுதும் பெயர். மற்றதெல்லாம் மெஷினுக்கு.

வெட்டுவதை விட்டுவிடுங்கள்

முதலில் வெளியே தள்ள வேண்டியது வெட்டும் வேலை. வீட்டில் ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் வைத்து ஒரு தடவைக்கு நாலைந்து தாளாக வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஐம்பது தாள் நேராக வரும். பிறகு தோள் வலிக்கும், ஸ்கேல் ஒரு நூல் நகரும், ஓரம் சாயும். அந்தச் சாய்வு தைக்கும்போது தெரியாது. தைத்து முடித்து அட்டைக்குள் உட்கார வைக்கும்போது பல்லிளிக்கும்.

சென்னை திருவல்லிக்கேணியில் தெருவுக்குத் தெரு அச்சகம் உண்டு. உங்கள் ஊரிலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பைண்டிங் கடையாவது இருக்கும். அங்கே கட்டிங் மெஷினில் நிற்பவரின் வேலையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தாள் கட்டை விசிறி மாதிரி விரித்துக் காற்று புகவிடுவார். மேஜையில் இரண்டு பக்கமும் தட்டி மூலை சேர்ப்பார். பின்பலகையில் இடித்து நிறுத்தியதும் மேலே இருந்து அழுத்துக்கட்டை இறங்கிக் கட்டை இறுக்கும். அதற்குப் பிறகுதான் கத்தி இறங்கும். நீங்கள் ஒரு காலைப்பொழுதைத் தொலைக்கிற வேலை அவரிடம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். கூலி சொற்பம். "கையால் செய்தது என்று சொல்லிவிட்டு மெஷினில் வெட்டலாமா?" என்ற குற்ற உணர்வு வேண்டாம். நேராக வெட்டிய ஓரத்தில் யாரும் கைவண்ணத்தைத் தேடுவதில்லை.

அவரிடம் அளவை வாயால் சொல்லாதீர்கள். நீளம் முதலில், அகலம் பிறகு என்பது உங்கள் வழக்கமாக இருக்கும். அவர் வழக்கம் நேர் எதிராக இருக்கும். மடித்த மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, "அண்ணே, மடிப்பு இந்தப் பக்கம், இந்த ஓரத்தைத் தொடாதீங்க" என்று பென்சிலால் குறித்துக் காட்டுங்கள். முதல் வெட்டு விழுந்ததும் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கோடுகோடாக இருந்தால் கத்தியில் பல் விழுந்திருக்கிறது. சாணை பிடித்த பிறகு வருகிறேன் என்று சிரித்தபடி சொல்லிவிட்டு வரலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். நவம்பர், டிசம்பரில் மட்டும் அவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். காலண்டரும் டைரியும் மெஷினைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு ரீமில் எத்தனை நோட்டு?

இந்தக் கணக்கைப் போடாமல் காகிதம் வாங்குகிறவர்கள்தான் அதிகம். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் தாளை ரீம் கணக்கில், எடை போட்டுத் தருவார்கள். ஒரு ரீம் என்பது 500 தாள். 23×36 அங்குலத் தாளில் 80 ஜி.எஸ்.எம். என்றால் ரீம் 21 கிலோவுக்குச் சற்று மேல் வரும். ஆட்டோவில் ஏற்றும்போதே முதுகு சொல்லிவிடும்.

இன்ஸ்டாகிராம் பார்த்து வருகிற எல்லோரும் ஏ5 நோட்டு செய்யத்தான் ஆசைப்படுகிறார்கள். ஏ5 என்பது 148×210 மில்லிமீட்டர். 23 அங்குல அகலத்தில் 148 மில்லிமீட்டரை நான்கு முறை வைக்க முடியாது. ஏழெட்டு மில்லிமீட்டர் இடிக்கும். எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வைத்தால் ஒரு பெரிய தாளில் 12 ஏ5 தாள்தான் தேறும். அதே தாளில் அச்சகக்காரர்கள் காலங்காலமாகப் போடும் டெமி அளவில், அதாவது ஓரம் வெட்டிய பிறகு 5½×8½ அங்குலத்தில், 16 தாள் தேறும். 100 தாள் நோட்டு என்றால் ஒரு ரீமில் ஏ5 அறுபது, டெமி எண்பது. கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சட்டென்று தெரியாது. உங்கள் பணப்பைக்குத் தெரியும். ஏ5தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால் 25×36 தாளாகக் கேட்டு வாங்குங்கள். அதில் 16 உட்காரும்.

கடையில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். "லாங் கிரெயினா, ஷார்ட் கிரெயினா?" மெஷினில் ஓடிய காகிதத்துக்கு இழை ஒரே திசையில் படுத்திருக்கும். அந்த இழை நோட்டின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். மாறிப்போனால் பக்கம் படியாமல் விறைத்து நிற்கும், மடிப்பு வெடிக்கும், அட்டை வளையும். கடைப்பையனுக்குத் தெரியவில்லை என்றால் தபால்தலை அளவு கிழித்து ஒரு பக்கம் மட்டும் ஈரம் தடவுங்கள். துண்டு குழல்போலச் சுருளும். அந்தக் குழலின் நீளவாக்குதான் இழையின் திசை. 23×36 தாளை எட்டாக வெட்டி நடுவில் மடித்து டெமி நோட்டு தைப்பதென்றால், இழை 36 அங்குலப் பக்கமாக ஓட வேண்டும். லாங் கிரெயின்.

அப்படி மடித்த தாளில் ஐந்தை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் ஒரு கட்டு. பத்துக் கட்டு சேர்ந்தால் 100 தாள், 200 பக்கம். கை பழகியவர் பத்துக் கட்டையும் தைத்து முடிக்க அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். இந்த நேரத்தைச் சுருக்க முயலாதீர்கள். நோட்டை 180 பாகை விரித்து மேஜையில் வைத்தால் அது அப்படியே படுத்திருப்பதற்குக் காரணம் இந்தத் தையல்தான். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் வெறும் கோந்தால் ஒட்டிய நோட்டு அப்படிப் படுக்காது. வாடிக்கையாளர் கூடுதல் காசு கொடுப்பது இதற்குத்தான்.

கைக்காகிதம்? அழகுதான். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959 முதல் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து வரும் அந்தத் தாளைத் தொட்டவர்கள் வாங்காமல் திரும்புவது கஷ்டம். ஆனால் அதை அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எழுதும் தாளாகப் போட்டால், பசைப்பூச்சு சரியாக ஏறாத தாளில் இங்க் பேனா மை வேர்விட்டுப் பரவும். திருவள்ளூர் ரங்கா பேனாவோ பாரிமுனையில் வாங்கிய கேமா பேனாவோ வைத்திருக்கும் ஆசாமி ஒருவர் உங்கள் நோட்டில் எழுதிப் பார்த்து, மை பரவியதைப் போட்டோ எடுத்துப் போட்டால் அந்த வட்டாரமே தெரிந்துகொள்ளும். வாங்கும் ஒவ்வொரு புது லாட்டிலும் ஒரு தாளை எடுத்து இங்க் பேனாவால் எழுதி, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். காகிதத்தையே நான் செய்வேன் என்பவர்களுக்கு ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேரில் காந்தியப் பொருளியலாளர், நம் ஜே.சி.குமரப்பா பெயரிலேயே தேசியக் கைக்காகித நிறுவனம் இருக்கிறது, பயிற்சியும் தருகிறார்கள். அது தனித் தொழில். நோட்டுத் தொழிலோடு சேர்த்துச் சுமக்காதீர்கள்.

மழையும் டைரியும் ஒரே மாதத்தில்

டைரி விற்கும் காலம் நவம்பர், டிசம்பர். வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலமும் அதேதான். பசை காயாது, காகிதம் ஈரம் குடித்து அலையாக எழும்பும், துணி அட்டையில் வெள்ளையாகப் பூஞ்சை தெரியும். அவசரத்தில் ஃபேனுக்கு அடியில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து அட்டை கிண்ணமாக வளையும். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்லோ ஒரு ரீம் தாளோ ஏற்றி, ஓர் இரவு விடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஆகவே டைரி வேலையை ஆடியில் தொடங்குங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, அழைப்பிதழ் இல்லை, கடைகள் துணித் தள்ளுபடியில் மும்முரமாக இருக்கும். தைக்கவும் அட்டை ஏற்றவும் ஏற்ற மாதம். புரட்டாசி முடிவதற்குள் அட்டை ஏறி, காய்ந்து, பிளாஸ்டிக் உறைக்குள் போய்விட வேண்டும். மழையில் செய்ய வேண்டிய வேலை பெயர் எழுதுவதும் பார்சல் கட்டுவதும் மட்டுமே.

பழைய பைண்டர்கள் மைதா பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. நல்ல பசை, மலிவு, ஒட்டிய பிறகும் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்ய இடம் கொடுக்கும். துத்தம் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கிண்ணத்தை அடுப்படியில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஃபெவிகாலே மேல்.

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகள் தாம்பூலத்தோடு கொடுக்கச் சின்ன நோட்டு கேட்பார்கள். ஆயுத பூஜைக்குக் கணக்குப் புத்தகம் போகும். மார்கழியில் கல்யாணம் இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தை மாதத்து மொய்க்கவரும் அழைப்பிதழும் தயாராவது அப்போதுதான். தேதி அச்சிட்ட டைரியை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். பொங்கல் தாண்டினால் அதைப் பாதி விலைக்கும் கேட்க ஆளில்லை. தேதி போடாதது ஆனி மாதத்திலும் விற்கும்.

விலை

ஒரு துணி அட்டை நோட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். காகிதம், அட்டை, துணி, நூல், கட்டிங் கூலி சேர்த்து ரூ.90. மடிப்பு, தையல், ஒட்டுதல் எல்லாமாக ஒன்றேகால் மணி, மணிக்கு ரூ.120 வீதம் ரூ.150. பேக்கிங்கும் சேதாரமும் ரூ.20. அடக்கம் ரூ.260. நோட்டின் மேல் ரூ.400 என்று ஒட்டி ஒரு பரிசுக் கடைக்குக் கொடுக்கிறீர்கள். கடைக்காரர் 35 சதவீதம் கேட்கிறார். அவருக்கு ரூ.140 போக உங்கள் கைக்கு வருவது சரியாக ரூ.260. கூலி கிடைத்தது, தொழிலுக்கு ஒரு ரூபாய்கூட நிற்கவில்லை. அடுத்த ரீம் வாங்கக் காசு எங்கிருந்து வரும்?

ஒன்று விலையை ரூ.475-க்கு ஏற்றுங்கள், இல்லை அந்த நோட்டைக் கடைக்குக் கொடுக்காமல் நேரடியாக மட்டும் விற்றுக்கொள்ளுங்கள். கடைக்கு மொய்க்கவர், புக்மார்க் போன்ற சீக்கிரம் முடிகிற சரக்கைக் கொடுக்கலாம். கடையில் ரூ.475 என்று போட்டுவிட்டு இன்ஸ்டாகிராமில் ரூ.300-க்கு விற்பதை மட்டும் செய்யாதீர்கள். கடைக்காரர்கள் போன் பார்க்கிறவர்கள்தான். உங்கள் நேரத்துக்கு விலை போடக் கூச்சமாக இருந்தால் இதே வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் என்ன கொடுப்பீர்கள் என்று யோசியுங்கள். "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்றதுதானே" என்று மாமியார் சொல்லலாம். கணக்கு நோட்டு சொல்லக்கூடாது.

"அக்கா, நாளைக்கே கிடைக்குமா?"

பெயர் பொறித்த நோட்டுக்கான ஆர்டர்கள் இந்தத் தொழிலின் உயிர், தலைவலியும் அவைதான். பெயரை நீங்கள் தட்டச்சு செய்யாதீர்கள். வாடிக்கையாளரையே எழுதி அனுப்பச் சொல்லி, அதை வடிவத்தில் போட்டுப் படம் அனுப்பி, "எழுத்து சரியா, பாத்துட்டு ஓகே சொல்லுங்க" என்று கேளுங்கள். ஓகே வந்த பிறகுதான் வேலை. பாதிப் பணம் முன்பணம். நாளைக்கே வேண்டும் என்பவருக்கு, "தையல் போட்டது ரெடியா இருக்கு, உங்களுக்குப் பிடிச்ச கலர்ல எடுத்துக்கலாம். பேர் போடணும்னா ஆறு நாள் ஆகும்" என்று சொன்னால் பாதிப்பேர் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். எனவே எந்நேரமும் பத்துப் பன்னிரண்டு நோட்டு தயாராக அலமாரியில் இருக்கட்டும்.

செய்திகளுக்குப் பகல் 1 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பதில் சொல்லுங்கள். காலையில் பசை தொட்ட கையோடு போனை எடுத்தால் போனும் கெடும், நோட்டும் கெடும். காலை நான்கு மணி நேரத்தில் ஃபேனும் ஓடாது, போனும் அடிக்காது. மே மாதச் சென்னையில் ஃபேனை நிறுத்திவிட்டுத் தாள் மடிப்பவருக்குத் தனிப்படி கொடுக்கலாம்.

புக்மார்க்கில் வரிகள் அச்சிடுவது பற்றி ஒரு வார்த்தை. குறளும் சங்கப் பாட்டும் யாருக்கும் பாத்தியதை இல்லை. பாரதியின் எழுத்துகளை அரசு 1949-ல் வாங்கிப் பின்னர் பொதுவுடைமை ஆக்கிவிட்டது. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. சினிமாப் பாட்டு வரி, நடிகர் படம், கார்ட்டூன் பொம்மை எதுவும் அனுமதி இல்லாமல் வேண்டாம். "எல்லாரும் போடுறாங்க" என்பது நோட்டீஸ் வரும்வரை செல்லும்.

கூரியரில் எடையைப் பார்ப்பதோடு விடமாட்டார்கள். பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பெரும்பாலானவர்களின் வழக்கம். இரண்டு நோட்டை 30×25×12 பரிசுப் பெட்டியில் காகிதத் தூளோடு வைத்து அனுப்பினால், ஒரு கிலோகூட இல்லாத சரக்குக்கு 1.8 கிலோ பணம் கட்டுவீர்கள். நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நான்கு மூலைக்கும் அட்டை மடித்துச் செருகி, இறுக்கமான சின்னப் பெட்டியில் அனுப்புங்கள்.

காகிதத்தில் இருக்க வேண்டிய காகிதங்கள்

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை முதல் மாதமே செய்துவிடுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல. ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை ரூ.40 லட்சம், புதுச்சேரியில் ரூ.20 லட்சம். இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஓசூரில் இருந்துகொண்டு பெங்களூருக்கு ஒரு பெட்டி நோட்டு விற்றால் அது மாநிலம் கடந்த விற்பனை; அதற்கு வரம்புச் சலுகை பொதுவாகப் பொருந்தாது. குறிப்பிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் சரக்கு அந்தப் பட்டியலில் வருமா, நோட்டுக்கும் டைரிக்கும் எந்தெந்த விகிதம் என்பதை ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பெனி ஆர்டர் வந்தால் வீடே சந்தோஷப்படும். 200 டைரி, லோகோவோடு. டிசம்பரில் சரக்கு போகும். பணம் மார்ச்சிலும் வராது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மும்மடங்கு கூட்டு வட்டி. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது என்று இப்போது விதி வந்துவிட்டதால் கணக்குப் பிரிவுக்காரர்கள் கொஞ்சம் விழித்திருக்கிறார்கள். சண்டைக்குப் போகாமலே இதைப் பயன்படுத்தலாம். பில்லின் மேலேயே உத்யம் எண்ணை அச்சிட்டு, "45 நாளுக்குள்" என்று கீழே ஒரு வரி போடுங்கள். அதோடு பாதி முன்பணம் இல்லாமல் லோகோ அச்சுக்குப் போகவே கூடாது. லோகோ விழுந்த டைரியை வேறு யாருக்கும் விற்க முடியாது.

ஆர்டர் பெருகும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை மடிப்புக்கும் கட்டு சேர்க்கவும் அழைப்பது வழக்கம். பீஸ் ரேட் பேசுவதற்கு முன்னால் அந்த வேலையை நீங்களே ஒரு மணி நேரம் செய்து எத்தனை முடிகிறது என்று எண்ணுங்கள். விலைக் கணக்கில் உங்கள் மணிக்கு என்ன போட்டீர்களோ, அதிலிருந்து ரொம்பக் கீழே இறங்காத கூலி அவர்களுக்கும் வருகிற மாதிரி ரேட்டை வையுங்கள். சனிக்கிழமை மாலை கூலியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். கம்பெனிப் பணம் இன்னும் வரவில்லை என்பதை அவர்களிடம் சொல்லக்கூடாது. அந்த 45 நாள் உங்கள் கணக்கு, அவர்களுடையது இல்லை.